தொலைந்துபோன அத்துக்கல்லைக் கண்டுபிடிப்பது எப்படி: புலப்படம், டேப், நூல்

மணப்பாறைப் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட புஞ்சை ஒன்று இருக்கிறது. ஐம்பத்தைந்து சென்ட் சொச்சம். நாலு மூலை அத்துக்கற்களில், அதாவது எல்லைக் கற்களில், மூன்று நிற்கின்றன, வடகிழக்கு மூலைக் கல்லை மட்டும் காணோம். வேலி போடலாம் என்று போன வருடம் ஒரு தனியார் அளவைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். நாலாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு காலைப்பொழுதில் நாலாவது கல்லின் இடத்தைக் குறித்துக் கொடுத்தார். பரப்பும் பட்டாவோடு ஒத்துப்போனது. தெற்கு ஓரத்தில் 26 கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தேன். கூலியோடு 21,000 ரூபாய்.

மூன்றாம் நாள் தெற்குக் காட்டுப் பெரியவர் வந்தார். தூண்களை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, கிழக்க போகப் போக எங்காட்டுக்குள்ள வந்திருக்கியே" என்றார். அவர் சொன்னது சரிதான். கிழக்கு முனையில் ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே போயிருந்தேன். தூண்களைப் பிடுங்கி மாற்றி நட இன்னொரு 7,500.

இதற்குத் தேவைப்பட்டதெல்லாம் எட்டாம் வகுப்பு வடிவியல்தான். புள்ளி, கோடு, இரண்டு கோடு வெட்டும் இடம். அதைச் சரியான வரிசையில் செய்யாததுதான் என் தப்பு. நீங்கள் வேலி போடுவதற்கு முன்போ, இடம் வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன்போ இதை ஒருமுறை செய்து பாருங்கள். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் அடிக்கப்போவது வெறும் முளைக்குச்சி. கல் நடுவது அரசு சர்வேயரின் வேலை. அரசு நட்ட அளவைக் கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம்.

1. முதலில் காகிதம்

வேண்டியவை நாலு: பட்டா, புலப்படம் (கற்களும் அவற்றுக்கு இடையிலான தூரங்களும் போட்ட அளவைப் படம்), கிரயப் பத்திரம், பக்கத்துப் புல எண்களின் (சர்வே நம்பர்களின்) புலப்படங்கள்.

பட்டாவையும் புலப்படத்தையும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் தெரிந்தால் போதும். புலப்படத்தை ஊரில் எஃப்.எம்.பி. என்றுதான் சொல்வார்கள்.

நாலாவதாகச் சொன்னதை யாரும் எடுப்பதில்லை, நானும் எடுக்கவில்லை. உங்கள் மூலைக் கல் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. மூன்று புல எண்கள் கூடும் இடத்துக் கல் அந்த மூன்று புலப்படங்களிலும் வரும். உங்கள் தெற்குக் கோடு பக்கத்து எண்ணுக்கு வடக்குக் கோடு. இரண்டு தாளிலும் அதன் நீளம் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். சுற்றியுள்ள எண்கள் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை, ஒரு பைசா செலவில்லை.

பத்திரத்தில் நான்கெல்லையும் அடிக்கணக்கும் இருக்கும். பழைய பத்திரமோ பழைய படமோ என்றால் லிங்க்ஸ் கணக்கும் வரலாம். ஒரு லிங்க் என்பது 7.92 அங்குலம், நூறு லிங்க் ஒரு செயின், அதாவது 66 அடி. மீட்டரில் 60 என்று வரும் நீளம் லிங்க்ஸில் ஏறத்தாழ 298 என்று வரும். எந்த அலகு என்று பார்க்காமல் டேப்பைக் கையில் எடுக்காதீர்கள்.

2. புலப்படத்தைப் படிப்பது

முதல் முறை பார்க்கும்போது சிலந்தி வலை மாதிரிதான் தெரியும். பொறுமையாகப் பார்த்தால் உள்ளே மூன்றே விஷயங்கள்தான்.

ஒன்று, புள்ளிகள். முக்கியமான கற்களுக்கு ஆங்கில எழுத்தும் இடையில் உள்ள வளைவுப் புள்ளிகளுக்கு எண்ணும் போட்டிருப்பார்கள். இரண்டு, எல்லைக்கோடுகள். மூன்று, கல்லிலிருந்து கல்லுக்கு நிலத்தின் குறுக்கே போகும் கோடுகள். இவற்றைச் சர்வேயர்கள் ஜி-லைன் என்பார்கள். நிலத்தை முக்கோணங்களாகப் பிரிப்பதற்குத்தான் அந்தக் கோடுகள். காரணம் சாதாரணமானது. நாலு பக்க நீளம் மட்டும் தெரிந்தால் ஒரு நாற்கரத்தை எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம், கயிற்றுக் கட்டில் ஆடுகிற மாதிரி. குறுக்கே ஒரு மூலைவிட்டத்தின் நீளத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அது ஆடாது. முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் வடிவம் ஒன்றே ஒன்றுதான்.

இங்கே இரண்டு பொறிகள். படத்தை அச்செடுக்கும்போது தாளுக்கேற்பச் சுருக்கும்படி பிரிண்டரில் அமைத்திருந்தால், படத்தில் போட்டிருக்கும் அளவுத்திட்டம் செல்லாது. ஆகவே தாளின் மேல் ஸ்கேலை வைத்து அளக்கவே கூடாது. கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். அடுத்தது கைப்பேசி. அதில் தெரியும் நீலப் புள்ளி திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும். நமக்கு ஒரு மீட்டரே பெரிய விஷயம்: அறுபது மீட்டர் நீள எல்லை முழுவதும் ஒரு மீட்டர் நகர்ந்தால் அது ஒன்றரை சென்ட்.

என் நிலத்தின் அளவுகளையே இனி உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். தென்மேற்கு மூலை ஏ, தென்கிழக்கு பி, வடகிழக்கு சி, வடமேற்கு டி. காணாமல் போனது சி. ஏ–பி 60.0 மீட்டர். பி–சி 40.1. சி–டி 58.1. டி–ஏ 36.4. மூலைவிட்டமாகப் போட்டிருந்த ஜி-லைன் பி–டி, 65.7. கணக்குப் பார்க்க நினைப்பவர்கள் இதை ஒரு கிராஃப் தாளில் வரைந்துகொண்டு மேலே படிக்கலாம். படிப்பதைவிட வரைந்தால் சீக்கிரம் புரியும்.

3. சாமான்களும் செலவும்

50 மீட்டர் ஃபைபர் டேப் ஒன்று, 30 மீட்டர் ஒன்று. ஐம்பதை 750 ரூபாய்க்கு வாங்கினேன், முப்பது மேஸ்திரி ஒருவரிடம் இரவல். நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இழுத்தால் நீளும். கட்டட வேலைக்கு வாங்கும் நூல் கண்டு இரண்டு, தூக்குக்குண்டு ஒன்று, பத்து இருபது முளைக்குச்சி, ஆள் உயரத்துக்கு நேரான கம்பு நாலு, கோலமாவு ஒரு கிலோ, கடப்பாரை. கம்புகளில் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள், தூரத்தில் தெரியும். கூட இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். வெளியாட்களைக் கூப்பிட்டால் கூலி. நான் சித்தப்பா மகன்கள் இரண்டு பேரைக் கூட்டிப் போனதால் பிரியாணியோடு முடிந்தது. எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள்.

4. எப்போது போவது, யாரிடம் சொல்வது

பயிர் இல்லாத நாளில் போங்கள். கடலையோ சோளமோ நிற்கும்போது நேர்கோட்டில் நடக்கவும் முடியாது, கம்பும் தெரியாது. காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் பத்து மணிக்குள் முடிக்கலாம். வெயில் ஏறிக் காற்று கிளம்பிவிட்டால் டேப் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு மழைக்குப் பிறகான வாரம் என்றால் முளை சுலபமாக இறங்கும்.

நாலு பக்கத்துக்காரர்களிடமும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மரியாதைக்காக மட்டும் இல்லை. தகராறு முடிந்து டீ குடிக்கும்போது தெற்குக் காட்டுப் பெரியவர் என்னிடம் சொன்னது: "அந்தக் கல்லு முள்ளு எடுக்க வந்த ஜேசிபிக்காரன் பிடுங்கிப் போட்டதுய்யா. சும்மா கெடக்குதேன்னு நான்தான் எடுத்து நட்டேன்." பி கல்லைத்தான் சொன்னார். தன் காட்டுக்குள்ளேயே 1.1 மீட்டர் தள்ளி நட்டிருக்கிறார் மனுஷன், தனக்கே நஷ்டமாக. அளப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் 7,500 மிச்சம்.

5. நிற்கும் கல்லை நம்புவதற்கு முன்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். காணாமல் போன கல்லைத் தேடும் அவசரத்தில், நிற்கிற கல் தன் இடத்தில்தான் நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

வரப்பிலிருந்து அளக்காதீர்கள். புள்ளிக்கு அகலம் கிடையாது, கோட்டுக்கும் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது எரிச்சலாக இருந்தது. வயலில் நின்றால்தான் அதன் அருமை தெரிகிறது. வரப்புக்கு ஒன்றரை அடி அகலம் இருக்கும், வருடா வருடம் மண்வெட்டி எந்தப் பக்கம் செதுக்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நகரும். எல்லைக்கோடு என்பது ஒரு கல்லின் நடுப்புள்ளியிலிருந்து அடுத்த கல்லின் நடுப்புள்ளிக்கு இழுத்த நூல். கல்லின் ஓரத்தில் டேப்பை வைத்தாலே நாலு விரல் போய்விடும். மண்ணை ஒதுக்கி, கல்லின் தலையைத் துடைத்து, நடுவில் சாக்பீஸால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, நிற்கும் கற்களுக்கு இடையில் உள்ள எல்லாத் தூரங்களையும் அளந்து, படத்தோடு ஒப்பிடுங்கள். ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைத் துண்டு துண்டாகத்தான் அளக்க முடியும். இடையில் கம்பு நட்டு, ஒரு முனையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் எல்லாக் கம்பும் ஒன்றன் பின் ஒன்றாக மறைய வேண்டும். அப்போதுதான் அது நேர்கோடு. டேப் படுக்கையாக இருக்க வேண்டும், சரிவில் தரையோடு கிடத்தக் கூடாது. முப்பது மீட்டரில் மூன்று மீட்டர் ஏற்றம் இருந்தால் தரையோடு அளந்த அளவு 15 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். சரிவான இடத்தில் ஐந்தைந்து மீட்டராகப் பிடித்து, தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் டேப் முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு இறக்குங்கள்.

என் கதைக்கு வருகிறேன். தனியார் ஆள் ஏ–பி தூரத்தை அளந்தார். 60.0, அச்சாகப் பொருந்தியது. 'கல் சரியாக இருக்கு சார்' என்றார், நானும் தலையாட்டினேன். ஆனால் பி கல் நகர்ந்தது தெற்கு நோக்கி, அதாவது ஏ–பி கோட்டுக்குக் குறுக்காக. 60 மீட்டர் கோட்டின் முனை பக்கவாட்டில் 1.1 மீட்டர் நகர்ந்தால் நீளத்தில் வரும் மாற்றம் ஒரு சென்டிமீட்டர்தான், டேப்பில் தெரியாது. ஒரு கல்லிலிருந்து சரியான தூரத்தில் நிற்கிறது என்றால் அது அந்தக் கல்லைச் சுற்றிய வட்டத்தில் எங்கோ நிற்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். வட்டத்தில் எந்த இடம் என்பதை இரண்டாவது தூரம்தான் சொல்லும். பி–டி மூலைவிட்டத்தை அளந்திருந்தால் 65.7 வர வேண்டிய இடத்தில் 66.3 வந்திருக்கும். அறுபது சென்டிமீட்டர் வித்தியாசம் கத்திச் சொல்லியிருக்கும். அவர் அளக்கவில்லை. இடையில் கருவேலம்புதர் இருந்தது, அதுதான் காரணம்.

சரி, மூலைவிட்டம் பொருந்தவில்லை என்றால் தப்பு பி கல்லிலா டி கல்லிலா? அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இங்கேதான் பக்கத்துப் புலப்படம் கைகொடுக்கும். என் ஏ–பி கோடு பி கல்லோடு நிற்காமல் அதே நேரில் கிழக்கே போய் அடுத்த புல எண்ணின் கல் ஒன்றில் முடிகிறது. அதை இ என்று வைத்துக்கொள்வோம். ஏ, பி, இ மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஏ கல்லின் மேல் ஒரு கம்பு, இ கல்லின் மேல் ஒரு கம்பு. நடுவில் பி கல்லின் மேல் வைத்த கம்பு மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி தனியாகத் தெற்கே நின்றது. டேப்பே தேவைப்படவில்லை.

ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் குறைந்தது இரண்டு சாட்சி கேளுங்கள். இரண்டு தூரம், அல்லது ஒரு தூரமும் ஒரு நேர்கோடும். ஒற்றைச் சாட்சியோடு நிற்கும் கல்லை வைத்து எதையும் குறிக்காதீர்கள்.

படத்தில் தூரங்கள் பத்து சென்டிமீட்டர் வரைதான் எழுதியிருக்கும். அதனால் அறுபது மீட்டரில் பத்து பதினைந்து சென்டிமீட்டர் வித்தியாசத்தை நான் கண்டுகொள்வதில்லை. முப்பதைத் தாண்டினால் நின்று யோசிப்பேன்.

6. காணாமல் போன புள்ளியைப் பிடிப்பது

மூன்று வழி இருக்கிறது. நிலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

முதலாவது, இரண்டு நேர்கோடுகள் வெட்டும் இடம். புள்ளி இரண்டு எல்லைக்கோடுகளிலும் இருக்கிறது, இரண்டு கோடுகளிலும் வேறு கற்கள் நிற்கின்றன என்றால் இதுதான் எளிது. இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள், வெட்டிக்கொள்ளும் இடத்தில் தூக்குக்குண்டு விடுங்கள், முடிந்தது. ஆனால் இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒரே திசையில் போனால் இந்த வழி வேண்டாம். வெட்டும் கோணம் 90 பாகைக்கு அருகில் இருக்கும்போது நூல் 5 சென்டிமீட்டர் விலகினால் புள்ளியும் 5 சென்டிமீட்டர்தான் விலகும். 30 பாகையில் அது 10 ஆகிவிடும். 10 பாகை என்றால் 29. இரண்டு கத்திரிக்கோல் அலகுகள் மூடும்போது வெட்டும் இடம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள், அதேதான். அதுபோல, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கற்களின் கோட்டை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். பத்து மீட்டர் இடைவெளியில் செய்த 2 சென்டிமீட்டர் பிழை நூறாவது மீட்டரில் 20 ஆகியிருக்கும்.

இரண்டாவது, இரண்டு தூரங்கள். பி கல்லிலிருந்து 40.1, டி கல்லிலிருந்து 58.1. இரண்டு டேப்பையும் பிடித்துக்கொண்டு நடந்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் முளை. இரண்டு வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும் என்பதை மறக்கக் கூடாது, பி–டி கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூலைக் கல்லில் குழப்பம் வராது. வாய்க்கால் ஓரத்தில் கோட்டை ஒட்டி இரண்டு மூன்று மீட்டரில் வரும் புள்ளிகளில் நிச்சயம் வரும், இடமா வலமா என்று படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, செங்குத்து. டேப் எட்டாத தூரத்துக்கு இதுதான் சரி, நானும் கடைசியில் இதைத்தான் செய்தேன். சி புள்ளியிலிருந்து பி–டி கோட்டுக்குச் செங்குத்து இறக்கினால் அது பி கல்லிலிருந்து எத்தனை மீட்டரில் விழும்? பி–சி வர்க்கமும் பி–டி வர்க்கமும் கூட்டி, சி–டி வர்க்கத்தைக் கழித்து, பி–டியின் இருமடங்கால் வகுக்க வேண்டும். 1608 கூட்டல் 4316.5 கழித்தல் 3375.6, அதை 131.4-ஆல் வகுத்தால் 19.4. செங்குத்தின் நீளத்துக்கு நம்ம பித்தாகரஸ்: 40.1-இன் வர்க்கத்திலிருந்து 19.4-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 35.1. ஆக, பி–டி கோட்டில் 19.4 மீட்டர் நடந்து, அங்கிருந்து செங்குத்தாக 35.1 மீட்டர் போனால் சி. கைப்பேசிக் கால்குலேட்டரே போதும், ஆனால் வீட்டிலேயே போட்டு எழுதிக்கொண்டு போங்கள். வெயிலில் நின்று வர்க்கமூலம் எடுக்கும்போது தப்பு வரும்.

செங்குத்துக்கு மேஸ்திரிகளின் மூலைமட்டக் கணக்குதான், மூன்றுக்கு நாலு என்றால் குறுக்கே ஐந்து. சின்ன முக்கோணம் வேண்டாம், 6, 8, 10 மீட்டராகப் போடுங்கள். எட்டு மீட்டரில் 3 சென்டிமீட்டர் கோணினால் முப்பத்தைந்தாவது மீட்டரில் 13 சென்டிமீட்டர் ஆகிவிடும். அதனால் இப்படிக் கிடைத்த முளையைத் தற்காலிக முளையாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து பி கல்லுக்கும் டி கல்லுக்கும் மறுபடி அளங்கள். குறைகிற பக்கம் கூட்டி, கூடுகிற பக்கம் குறைத்து முளையை நகர்த்துங்கள். சி மூலையில் இரண்டு கோடுகளும் 82 பாகையில் வெட்டுவதால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது அதிகம் கெடாது, இரண்டு தடவையில் உட்கார்ந்துவிடும்.

வரிசை முக்கியம். நான் முதலில் பி புள்ளியைச் சரிசெய்தேன்: ஏ–இ நூலின் மேல், ஏ கல்லிலிருந்து 60.0, டி கல்லிலிருந்து 65.7. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டின. அங்கே முளை. அதற்குப் பிறகுதான் சி. தப்பான பி கல்லை வைத்துப் பிடித்த சி எவ்வளவு விலகியிருந்தது தெரியுமா? அதே 1.1 மீட்டர், அதுவும் தெற்கே, என் நிலத்துக்குள்.

கடைசியாக, இதுவரை பயன்படுத்தாத தூரம் ஒன்றை அளங்கள். ஏ–சி மூலைவிட்டம் படத்தில் இல்லை, ஆனால் கிராஃப் தாளில் வரைந்தால் 74.6 என்று கிடைக்கும். சரியான முளைக்கு 74.6 வந்தது. பழைய தப்பு முளைக்கு 74.1. சோதனைக்கு ஒரு தூரத்தை மிச்சம் வையுங்கள், எல்லாவற்றையும் குறிப்பதற்கே செலவழித்துவிடாதீர்கள்.

கடப்பாரையை அப்போதுதான் எடுக்க வேண்டும். முளையைச் சுற்றி ஒரு முழம் தோண்டிப் பாருங்கள், பழைய கல் புதைந்தே கிடக்கலாம். எனக்கு முக்கால் அடி ஆழத்தில் உடைந்த கல்லின் அடிப்பாகம் தட்டுப்பட்டது. நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி. அந்த டங் சத்தம் கேட்டதும் சித்தப்பா மகன் விசிலடித்தான்.

7. வளைவுகள்

எல்லை வளைந்து போகும் இடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் கல் இருக்காது. ஜி-லைன் ஒன்றின் ஓரத்தில் இரண்டு வரிசை எண்கள் எழுதியிருப்பார்கள், ஒன்று கோட்டின் மேல் எத்தனை மீட்டர், மற்றது அங்கிருந்து செங்குத்தாக இடமோ வலமோ எத்தனை மீட்டர். படிப்படியாக இருப்பதால் சர்வேயர்கள் இதை லேடர் என்பார்கள். கோட்டின் மேல் எழுதிய தூரம் தொடக்கத்திலிருந்து வரும் மொத்தத் தூரம். முந்தைய புள்ளியிலிருந்து அல்ல. 22.0, 48.6 என்று இருந்தால் இரண்டாவது புள்ளி 48.6-இல்தான், 70.6-இல் இல்லை. எந்த முனையிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. பரப்பை நம்பி ஏமாறாதீர்கள்

பி–டி கோட்டை அடிப்பக்கமாக வைத்தால் சி பக்கத்து உயரம் 35.1, ஏ பக்கத்து உயரம் 32.9. கூட்டி 65.7-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 2,234 சதுர மீட்டர் வரும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். ஆக 22.34 ஏர், 55.2 சென்ட். பட்டாவுக்கு நெருங்கி வருகிறது.

தப்பான பி, தப்பான சி இரண்டையும் வைத்துப் போட்டால்? சுமார் 2,240. வெறும் ஆறு சதுர மீட்டர் வித்தியாசம். தெற்கே பெரியவர் காட்டில் எடுத்த முக்கோணமும் வடக்கே நான் விட்டுக்கொடுத்த முக்கோணமும் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. பரப்பு சரியாக வந்ததைக் காட்டித்தான் என்னிடம் நாலாயிரம் வாங்கிக்கொண்டு போனார். 'பட்டாவில் உள்ள சென்ட் வந்துவிட்டது' என்று யார் சொன்னாலும், மூலைவிட்டம் என்ன வந்தது என்று கேளுங்கள்.

9. அரசு அளவைக்கு விண்ணப்பிப்பது

முளைகளோடு வேலை முடியவில்லை. பக்கத்துக்காரர் ஒப்புக்கொண்டாலும், நாளைக்கு அவர் மகன் ஒப்புக்கொள்ள வேண்டுமே. நில அளவைக்கு இணையவழியிலேயே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம், வட்ட அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். விண்ணப்ப எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும், ஏனென்றால் அளக்க வரும் நாள் அதற்குத்தான் வரும். மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் அவருக்குத்தான் செய்தி போகும், நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள். என் மாமாவுக்கு நடந்தது.

எனக்கு விண்ணப்பித்ததிலிருந்து ஐந்து வாரம் ஆனது. அறுவடைக்குப் பின் எல்லாரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள், முடிந்தால் அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வேலி ஆளுக்கு முன்பணம் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

சர்வேயர் வரும் நாளில் முள் வெட்டி, இரண்டு மூலைவிட்டப் பாதையும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். உங்கள் முளைகளைப் பிடுங்க வேண்டாம், ஆனால் 'இதுதான் இடம்' என்று முதலிலேயே வாதாடவும் வேண்டாம். அவர் தன் வழியில் அளக்கட்டும். என் சி முளையிலிருந்து நாலு விரல் தள்ளிக் கல் நடச் சொன்னார். நாலு விரலுக்கு நான் சண்டை போடவில்லை. எந்தெந்தக் கற்களிலிருந்து அளந்தார், என்ன தூரம் வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கல் காணாமல் போனால் அந்தத் தாள் உதவும். பக்கத்துக்காரர்களை அன்று நிலத்தில் நிற்க வையுங்கள். அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் உட்பிரிவு எண் சரியா என்று பாருங்கள்.

கல் நட்ட பிறகு அதைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு. நான் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு மீட்டர் தள்ளி நிலத்துக்குள் இரண்டு வேப்பங்கன்று வைத்து, கல்லிலிருந்து ஒவ்வொரு கன்றுக்கும் தூரத்தை நோட்டில் எழுதியிருக்கிறேன். ஜேசிபி வாடகைக்கு எடுக்கும் நாளில் மட்டும் கூடவே நிற்கிறேன். போன மாதம் பெரியவர் காட்டில் வண்டி ஓடியபோது அவரே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்.